விபரக்கொத்து என்னும் உவமை: பொலீஸ் அதிகாரமும் தேடுதல் ஆணையும்

உவமை பொருந்துமா பொருந்தாதா என்று ஆராய்தல் இலக்கிய மாணவனின் வேலையென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. உவமானத்துக்கும் உவமேயத்துக்கும் உள்ள பொதுத்தன்மை யாது, அஃது எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் அறுந்துபோகும் என்ற வினாக்களை வகுப்பறையிலே எழுப்புகின்றோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றோம். ஆயின் உவமை புலவர்க்கு மட்டும் உரியதன்று. அமைச்சரும் சட்டவரைஞரும் பொலீஸ் அதிபரும் உவமை கூறுகின்றனர். புலவன் கூறும் உவமை பிழைத்தால் ஒரு செய்யுள் கெடும். ஆட்சியிலுள்ளோர் கூறும் உவமை பிழைத்தால் கெடுவது வேறு. அவ்வாறான உவமையொன்றையே இங்கு ஆராய எண்ணுகின்றேன். அது கனடாவிலே பிறந்தது. ஆயினும் நம்மவரோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

2012 பெப்ரவரி 14 ஆம் திகதி கனடாப் பாராளுமன்றத்திலே சட்டமூலமொன்று சமர்ப்பிக்கப்பட்டது. சி-30 என்பது அதன் இலக்கம். இணையச் சேவை நிறுவனங்கள் தம்மிடமுள்ள சந்தாதாரரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் முகவரி, ஐ.பி. முகவரி முதலிய ஆறு விபரங்களைப் பொலீசார் கேட்டவுடன் கொடுத்தல் வேண்டும்; அதற்கு நீதிபதியின் ஆணை வேண்டியதில்லை என்பது அதன் ஓர் அம்சம். எதிர்ப்புக் கிளம்பியபோது அரச தரப்பினர் கூறிய சமாதானம் மிக எளியது: இவை தொலைபேசி விபரக்கொத்திலே உள்ள விபரங்கள் போன்றவை, விபரக்கொத்தைப் புரட்டுவதற்கு எவரேனும் நீதிமன்றம் செல்வரோ?

கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் உவமை இது. இரண்டிலும் பெயர் உண்டு, முகவரி உண்டு, இலக்கம் உண்டு. பொதுத்தன்மை வெளிப்படை. எனினும் உவமையைச் சற்று நகர்த்திப் பார்த்தால் அது எங்கே முறிகின்றது என்பது தெரியும். அதற்கு இணையம் இயங்கும் முறையைச் சிறிது அறிதல் அவசியம்.

நாம் இணையத்திலே சேரும்பொழுதெல்லாம் சேவை நிறுவனம் நம் இணைப்புக்கு ஓர் இலக்கத்தை வழங்குகின்றது. அதுவே ஐ.பி. முகவரி. எந்த நேரத்தில் எந்த இலக்கம் எந்தச் சந்தாதாரருக்கு வழங்கப்பட்டது என்பது அந்நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். மறுமுனையிலே, நாம் சென்று வாசித்த பத்திரிகையோ, மருந்து வாங்கிய கடையோ, கருத்துரைத்த அரங்கமோ தன் பதிவேட்டிலே அந்த இலக்கத்தையும் நேரத்தையும் அங்கு நாம் செய்ததையும் எழுதி வைத்திருக்கும். முதற் பதிவேட்டிலே பெயர் உண்டு, செயல் இல்லை. இரண்டாவதிலே செயல் உண்டு, பெயர் இல்லை. இரண்டையும் இலக்கத்தால் முடிச்சிட்டாலோ இன்னார் இன்ன நாளில் இன்னதை வாசித்தார், இன்ன நோய்க்கு மருந்து தேடினார், இன்ன அமைச்சரை இன்னவாறு ஏசினார் என்பது வெளிப்படும்.

விபரக்கொத்து பெயரிலிருந்து இலக்கத்துக்குச் செல்கின்றது. நாம் அறிந்த ஒருவரோடு பேசுவதற்காக அதைப் புரட்டுகின்றோம். பொலீசார் கேட்ட விபரமோ ஒரு செயலிலிருந்து அதைச் செய்தவரின் பெயருக்குச் செல்கின்றது. விபரக்கொத்தைப் புரட்டுபவன் கையில் முன்பு எதுவும் இல்லை. சந்தாதாரர் விபரம் கேட்பவன் கையிலோ அந்த மனிதன் மறைவிலே செய்தவற்றின் பட்டியல் முன்னரே இருக்கின்றது. அப்பட்டியலுக்கு ஒட்டவேண்டிய பெயரை மட்டுமே அவன் கேட்கின்றான். விபரக்கொத்திலே பெயர் வேண்டாமென்றால் எடுத்துவிடும்படி கேட்கவும் முடியும். ஆகவே உவமானமும் உவமேயமும் எதிரெதிர்த் திசையிலே ஓடுகின்றன. ‘பெயரும் முகவரியுந்தானே’ என்று சிறுமைப்படுத்துவதற்காகவே இவ்வுவமை தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் கூறின் அது மிகையாகாது.

சட்டமூலத்தின் பெயரும் இத்தகையதே. ‘சட்டபூர்வ அணுகல்’ என்றிருந்த தலைப்பு, சமர்ப்பிக்கப்படும் வேளையில் ‘சிறுவரை இணைய வேட்டையாளரிடமிருந்து பாதுகாக்கும் சட்டம்’ என மாற்றப்பட்டது. தலைப்பைத் தவிர்த்துச் சட்டமூலத்தின் உள்ளே சிறுவர் என்ற சொல்லோ வேட்டையாளர் என்ற சொல்லோ வரவில்லை என்பதைப் பலர் சுட்டிக்காட்டினர். அதற்கு முதல்நாள் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் விக் டேவ்ஸ், கேள்வி கேட்ட எதிர்க்கட்சி உறுப்பினரை நோக்கி, நீர் எங்களோடு நிற்கலாம், அல்லது சிறுவர் ஆபாசப் படம் எடுப்போரோடு நிற்கலாம் என்று கூறினார். வாதம் தோற்குமிடத்திலே எதிராளியின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது பழைய உத்தி. எதிர்ப்பு வலுத்தது. 2013 பெப்ரவரியிலே அரசாங்கம் அச்சட்டமூலத்தைக் கைவிட்டது.

எனினும் அமைச்சரின் வாதத்தை அதன் அநாகரிகத்துக்காக மட்டும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. சிறுவர்க்கு இணையத்தால் நேரும் தீங்கு கற்பனையன்று. ஆசிரியனாக இருக்கும் எனக்கு அது கேள்விச் செய்தியுமன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் முகத்தை வேறோர் உடலிலே ஒட்டி, அப்படத்தை எவனோ பொய்ப் பெயர்க் கணக்கொன்றிலிருந்து பரப்பினான். தாயார் அழுதுகொண்டு வந்தார். அவரோடு நானும் பொலீஸ் நிலையம் சென்றேன். அன்று என்னிடம், நீதவானின் ஆணையின்றியே அவன் பெயரைக் கேட்டுப் பெறலாமா என்று எவரேனும் வினவியிருந்தால், ஆம் என்றே விடையிறுத்திருப்பேன். இதனை ஒளிப்பதிற் பயனில்லை. ஆயினும் அங்கு நடந்தது என்ன? முறைப்பாட்டை எழுதுவதற்கே மூன்று நாட்கள் சென்றன. முதல்நாள் எழுதுபவர் இல்லை. இரண்டாம் நாள் ‘பிள்ளை ஏன் படம் போட்டது’ என்ற விசாரணை. மூன்றாம் நாள் எழுதினர். பின்னர் அதைப் பற்றி நாம் ஒன்றும் கேள்விப்படவில்லை. தடையாக நின்றவர் நீதவான் அல்லர். அவரிடம் எவரும் செல்லவேயில்லை. அதிகாரம் போதாமையாலன்று, இருந்த அதிகாரத்தை அப்பிள்ளைக்காகப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமையாலேயே அவ்வழக்குச் செத்தது. சிறுவரின் பெயரால் மேலதிக அதிகாரம் கேட்போரிடம் இதனை நாம் நினைவூட்டல் வேண்டும்.

கனடாவிலும் இக்கேள்விக்கு விடை கிடைத்தது உண்மையான ஒரு சிறுவர் ஆபாசப்பட வழக்கிலேதான். சாஸ்கட்டூன் நகரப் பொலீசார் ஓர் ஐ.பி. முகவரியைக் கண்டு, ஆணை எதுவும் பெறாமற் சேவை நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினர். நிறுவனம் பெயரைக் கொடுத்தது. அது குற்றவாளியின் சகோதரியின் பெயர், இணைப்பு அவருடையது. அதைக் கொண்டு வீட்டைச் சோதிக்க ஆணை பெற்று, பொருளைக் கைப்பற்றினர். ஸ்பென்சர் வழக்கு எனப்படும் இதிலே கனடா உயர் நீதிமன்றம் 2014 ஜூன் 13 ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் குரொம்வெல். பொலீசார் கேட்டது வெறும் பெயரன்று. ஒரு குறித்த இணையச் செயலோடு இணைந்த பெயர். பெயர் வெளிப்படாதிருத்தலும் அந்தரங்கத்தின் ஒரு கூறு. ஆகவே அக்கோரிக்கை ஒரு தேடுதலே. தேடுதலுக்கு ஆணை வேண்டும் என்பது அதன் சாரம். விபரக்கொத்து உவமை அங்கே வீழ்ந்தது.

சேவை நிறுவனங்கள் ‘சட்டபூர்வ அதிகாரத்தோடு’ கேட்கும் அரச அமைப்புக்கு விபரம் கொடுக்கலாம் என்று தனியார்துறைத் தகவற் சட்டத்திலே ஒரு தொடர் இருந்தது. பொலீஸ் என்பதே அதிகாரம், ஆகவே பொலீசார் கேட்டாலே போதும் என்று அதற்குப் பொருள் கொண்டனர். நீதிமன்றமோ, கேட்பதற்கு எவருக்கும் உரிமையுண்டு, கேட்டவுடன் பெறுவதற்கான அதிகாரம் வேறிடத்திலிருந்து வரல் வேண்டும் என்று பொருள் கண்டது. நல்ல உரையாசிரியன் ஒருவன் செய்யும் வேலையை நீதியரசர் செய்தார் எனலாம். அத்தொடரின் நிழலிலே நடந்தவை சிறியனவல்ல. ஒன்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அரச அமைப்புகள் விடுத்த விபரக் கோரிக்கைகள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 12 இலட்சம் என்று கனடாவின் அந்தரங்க ஆணையாளர் அலுவலகம் 2014 இல் வெளியிட்ட கணக்குக் காட்டிற்று. சட்டமூலம் தோற்றபோதும் அதன் உள்ளடக்கம் நடைமுறையில் இருந்துகொண்டுதான் இருந்தது. நம் விபரங்களை இலாபத்துக்காகத் திரட்டிவைத்த முதலாளித்துவ நிறுவனங்கள், அவற்றைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் களஞ்சியகாரராகவும் அரசுக்கு உதவின.

இன்னொன்றையும் கூறல் வேண்டும். அக்குற்றவாளி தப்பவில்லை. பொலீசார் அன்றிருந்த சட்டத்தை நம்பிச் செயற்பட்டனர், குற்றமும் பாரதூரமானது என்று கருதிய நீதிமன்றம் சாட்சியத்தை நீக்க மறுத்தது. வைத்திருந்த குற்றத்துக்கான தீர்ப்பு நிலைத்தது. உடனடி ஆபத்திலிருந்து ஓர் உடலைக் காக்கவேண்டிய வேளையிலே ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்புக் கூறிற்று. தொலைபேசி மூலமே ஆணை பெறும் வழியும் அந்நாட்டில் உண்டு. ‘ஆணையா, குழந்தையா’ என்ற தேர்வு எங்கும் இருந்ததில்லை.

அப்படியானால் ஆணை என்பதுதான் யாது? இதற்கு விடை தேடுவோர் எழுத்தாளன் ஒருவனின் மேசையறைக்குச் செல்லல் வேண்டும். 1762 நவம்பரிலே இலண்டனில் ஜோன் என்ரிக் என்பவரின் வீட்டுக்குள் அரச தூதர் நால்வர் நுழைந்தனர். அரசாங்கத்தைக் கண்டித்து ‘தி மொனிற்றர்’ இதழிலே எழுதியவர் என்பது அவர்மேற் குற்றச்சாட்டு. நான்கு மணிநேரம் பூட்டுகளை உடைத்துக் காகிதங்களைக் கிளறி, கையிலகப்பட்டவற்றை எடுத்துச் சென்றனர். கவனிக்கவேண்டியது என்னவெனில், அவர்கள் கையில் ஆணை இருந்தது! அமைச்சராகிய ஹலிபக்ஸ் பிரபு கையொப்பமிட்ட ஆணை. என்ரிக் வழக்குத் தொடுத்தார். 1765 இல் கம்டன் பிரபு வழங்கிய தீர்ப்பு, அமைச்சருக்கு அத்தகைய ஆணை வழங்கும் அதிகாரத்தைக் கொடுக்கும் சட்டம் எதுவும் இல்லை, அரசின் தேவை என்ற காரணம் சட்டமாகிவிடாது என்று கூறிற்று. ஆகவே ஆணையின் உயிர் காகிதத்தில் இல்லை. தேட விரும்புபவனும் தேட அனுமதிப்பவனும் ஒருவனாக இருத்தலாகாது என்பதில் உள்ளது. கதவைத் தட்டுவதற்கு முன்னர், ‘ஏன் இவனுடைய வீடு? எதைத் தேடுகின்றாய்? என்ன ஆதாரம்?’ என்று கேட்கும் மூன்றாமவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவருக்குக் கூறிய விடை எழுத்திலே நிற்றல் வேண்டும். நீதவான்கள் எல்லாரும் நுணுகிக் கேட்பர் என்று நான் எண்ணவில்லை. நீட்டிய காகிதத்திலே கையொப்பமிடுவோரும் உளர். ஆயினும் எழுத்திலே நின்ற காரணத்தைப் பின்னொரு நாள் சட்டத்தரணி எடுத்துக் கேள்வி கேட்கலாம். எழுதப்படாத காரணத்தை எவர் கேட்பது?

ஸ்பென்சர் தீர்ப்போடு விவாதம் முடிந்துவிடவில்லை. ஐ.பி. முகவரியை மட்டும் கேட்டால் என்ன, அது வெறும் இலக்கந்தானே என்று அடுத்த வாதம் எழுந்தது. கல்கரி நகரப் பொலீசார் மோசடி வழக்கொன்றிலே பணக்கொடுப்பனவு நிறுவனமொன்றிடமிருந்து அவ்வாறு பெற்றனர். 2024 மார்ச் 1 ஆம் திகதி, பைக்கோவெற்ஸ் வழக்கிலே, ஐந்துக்கு நான்கு என்ற அளவில் அதற்கும் ஆணை வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்த்தது. நால்வர் மறுத்தனர் என்பதை மறக்கலாகாது. இலக்கம் தனித்து நின்று எவரையும் காட்டாது என்ற அவர்களின் வாதம் முழுப் பொய்யுமன்று. ஆனால் பூட்டு அருகே இருக்கும்போது திறப்பை வெறும் இரும்பென்று கூறல் தகுமா?

இனி நம்மவர் தொடர்புக்கு வருவோம். 2025 ஜூன் 3 ஆம் திகதி கனடாவிலே சி-2 என்ற சட்டமூலம் சமர்ப்பிக்கப்பட்டது. ‘பலமான எல்லைகள் சட்டம்’ என்பது அதன் பெயர். அதனுள்ளே, இன்னாருக்கு நீர் சேவை வழங்குகின்றீரா, எப்போதிலிருந்து, எங்கே என்று எந்தச் சேவை வழங்குநரிடமும் நீதிபதியின் ஆணையின்றிப் பொலீசார் கேட்டுப் பெறும் அதிகாரமும் வைக்கப்பட்டிருந்தது. அதைச் சமர்ப்பித்த பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் கரி ஆனந்தசங்கரி, இலங்கையிலே பிறந்த தமிழர், வீ. ஆனந்தசங்கரி அவர்களின் மைந்தர். அவர் அமைச்சரானபோது இங்கு நம்மவர் பெருமிதங்கொண்டனர். அதிற் குற்றமில்லை. ஆனால் சட்டமூலத்தை எவரேனும் வாசித்தார்களா? தமிழர் ஒருவர் அதிகாரத்தில் அமர்ந்துவிட்டால் அதிகாரத்தின் தன்மையும் மாறிவிடும் என்று எண்ணுவது இனப்பற்றின் பெயரால் நாம் அடிக்கடி செய்யும் பிழை. அமைச்சின் ஆசனம் 2012 இலும் 2025 இலும் ஒரே விண்ணப்பத்தையே நீட்டிற்று. முன்பு சிறுவர் என்ற தலைப்பு. பின்பு எல்லை என்ற தலைப்பு. அவ்வாண்டு ஒக்டோபரிலே எல்லை, குடிவரவு பற்றிய பல பகுதிகள் சி-12 என்ற வேறொரு சட்டமூலமாகப் பிரித்தெடுக்கப்பட்டன. இணைய விபரம் பற்றிய பகுதியோ எதிர்ப்பின் காரணமாகப் பின்னே விடப்பட்டது. ‘எல்லை’ என்ற போர்வையை எடுத்தபின்னர் உள்ளே என்ன இருந்தது என்பது நன்றாகத் தெரிந்தது.

பெயரும் முகவரியுந்தானே என்ற வாசகத்தைக் கனடாவில் வாழும் நம் உறவினர் பலர் அந்நாட்டவரிலும் வேறாகக் கேட்பர். யுத்த காலத்திலே கொழும்பில் தங்கிய வடபகுதியார் எவரும் பொலீஸ் பதிவை மறந்திரார். பதினெட்டாண்டுகளுக்கு முன் மாமா வீட்டிலே தங்கியிருந்த நான் அப்படிவத்தை நிரப்பியிருக்கின்றேன். பெயர், பிறந்த இடம், நிரந்தர முகவரி, வந்த காரணம். அவ்வளவுதான். அன்று மாமா அதைக் கொண்டுபோகுமுன் மூன்றுமுறை வாசித்தார். என் எழுத்திலே பிழை பார்க்கவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 2007 ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பின் விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர் விடியுமுன் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது என்பதும் வரலாறு. அவர்களைப் பற்றி அறியவேண்டியிருந்தது அதிகமில்லை. எவ்வூரார், எங்கே தங்கியிருக்கின்றார் என்பவை போதுமாயிருந்தன.

அதே ஆண்டு ஜூலையிலே நம் நாட்டில் நிறைவேறியது 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். அதன் 18 ஆம் பிரிவு, சந்தாதாரர் விபரத்தையும் தொடர்பு விபரத்தையும் பெறவும், செல்லும் செய்தியை இடைமறிக்கவும் நீதவானின் ஆணை வேண்டும் என்று முதலிற் கூறுகின்றது. கனடியர் ஈராண்டு போராடிப் பெற்றதை நாம் ஒரு வாக்கியத்திலே பெற்றுவிட்டோம் என்று மகிழலாம். ஆனால் அடுத்த உபபிரிவு உண்டு. விசாரணை அவசரமாக நடத்தப்படவேண்டியிருத்தல், சாட்சியம் அழிக்கப்படவோ மாற்றப்படவோ கூடியதாயிருத்தல், விசாரணையின் இரகசியம் பேணப்படவேண்டியிருத்தல் என்ற நிலைமைகளிலே அவ்வதிகாரங்களை ஆணையின்றியே பயன்படுத்தலாம். இணையத்திலே உள்ள எச்சாட்சியம் அழிக்கப்பட முடியாதது? எந்த விசாரணை இரகசியம் வேண்டாதது?

இப்பகுதியை உயர்தர வகுப்பிலே, செயப்பாட்டு வினைக்கு உதாரணமாகக் கரும்பலகையில் எழுதினேன். பாடத்திட்டத்துக்கு அது புறம்பானதன்று. ‘நடத்தப்படவேண்டியிருத்தல்’, ‘பேணப்படவேண்டியிருத்தல்’. மாணவர் வழக்கம்போல வாக்கியங்களைச் செய்வினையாக்க முயன்றனர். ஒரு மாணவி எழுந்து, “சேர், அவசரம் எண்டு முடிவெடுக்கிறது ஆர்? அந்த ஆளை இதில காணேல்லை” என்றாள். உண்மையிலே இல்லை. தேட விரும்பும் உத்தியோகத்தரே அவசரம் என்றும் தீர்மானிப்பார். ஹலிபக்ஸ் பிரபுவின் காலத்துக்கே நாம் திரும்பிவிடுகின்றோம்.

2024 ஜனவரியிலே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியபோது பேச்சுச் சுதந்திரம் பற்றிப் பலரும் எழுதினர், கூட்டங்கள் நடத்தினர். நானும் இரண்டிலே பேசினேன். அந்நாட்களில் ஒருவரேனும் 18 ஆம் பிரிவைக் குறிப்பிட நான் கேட்டதில்லை, நானுங் குறிப்பிடவில்லை. எழுதியதற்காகத் தண்டிக்கப்படுவதை எழுத்தாளர் அஞ்சுகின்றனர். வாசித்ததற்காக, தேடியதற்காகக் குறித்துவைக்கப்படுவதை அவ்வளவாக எண்ணுவதில்லை. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலே அந்தரங்க உரிமை வெளிப்படையாகக் கூறப்படவுமில்லை. ஸ்பென்சர் வழக்கிலே நீதியரசருக்குப் பற்றிக்கொள்ள ஓர் உறுப்புரை இருந்தது. நமக்கு அது இல்லாதவிடத்துச் சட்டத்தின் சொற்களே எஞ்சிய காவல்.

ஆகவே கோரிக்கை பெரிதாக இருக்கவேண்டியதில்லை. அவ்வுபபிரிவிலே ‘அவசரம்’ என்பது உயிராபத்து என்று வரையறுக்கப்படல் வேண்டும். ‘இரகசியம்’ என்ற காரணம் நீக்கப்படல் வேண்டும். நீதவானிடமிருந்து மறைக்கவேண்டிய இரகசியம் யாது? ஆணையின்றித் தேடியவர் 24 மணி நேரத்துக்குள் நீதவானிடம் சென்று தம் காரணத்தை எழுத்திலே வைத்தல் வேண்டும். அத்தகைய வாசகம் அவ்வுபபிரிவிலே இப்போது இல்லை. எத்தனை முறை ஆணையோடு, எத்தனை முறை ஆணையின்றி விபரம் பெறப்பட்டது என்ற கணக்கு ஆண்டுதோறும் பாராளுமன்றத்திலே வைக்கப்படல் வேண்டும். கனடாவிலே 12 இலட்சம் என்ற எண் வெளிவந்ததும் விவாதத்தின் குரலே மாறிற்று. நம் நாட்டுக்குரிய எண்ணைக் கேட்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பமொன்றை எழுதி வைத்திருக்கின்றேன். அடுத்த கிழமை பதிவுத் தபாலில் அனுப்புவேன்.